குழுவும் பெயரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ச் சங்கத்து மேடையில் மேனாட்டு ராக் இசைக் குழுக்களைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் இயல்பே. ஆயினும் நம் குடியிருப்பிலுள்ள இல்லங்களைச் சற்றே நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளின் சட்டையிலும், அவர்களுடைய அறைச் சுவரிலும், அவர்கள் செவியில் மாட்டிக்கொண்டு கேட்கும் பாட்டிலும் அக்குழுக்களின் பெயர்களே நிறைந்துள்ளன. உருளும் கற்கள், ஈய ஆகாயக் கப்பல், கறுப்பு ஓய்வுநாள் என்று அவற்றைத் தமிழாக்கிச் சொன்னால், 'இவையும் பெயர்களா?' என்று பாட்டிமார் வியக்கின்றனர். 'உங்களுக்கு இதெல்லாம் புரியாது' என்று பேரன்மார் கூறுகின்றனர். ஆனால் அப்பேரனையே அழைத்து, 'அப்பெயர் எவ்வாறு வந்தது, அப்பா?' என்று வினவினால், பெரும்பாலும் அவனும் விடை அறியான். பாட்டியும் பேரனும் ஒருங்கே அமர்ந்து அறியத்தக்க செய்தி இதில் உண்டு. அதனாலேயே இத்தலைப்பை மேற்கொண்டேன்.

பெயரை ஆராய்தல் தமிழர்க்குப் புதியதன்று. சொல்லின் செல்வர் ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் 'ஊரும் பேரும்' என்னும் நூலில் ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார்கள். ஒரு பெயருக்குள் ஒரு காடு இருந்தது. மற்றொன்றில் ஒரு குளம் இருந்தது. வேறொன்றில் ஒரு வள்ளலின் நினைவு இருந்தது. அக்கண்கொண்டு நோக்கினால், ராக் குழுக்களின் பெயர்களிலும் மனிதர்களைக் காணலாம். அவற்றை ஆராயுந்தோறும் ஓர் உண்மை தெளிவாகின்றது. பெயர் என்பது பெரும்பாலும் ஒருவர் தாமே ஆக்கிக்கொண்டதன்று, பிறரிடமிருந்து பெற்றது. பெற்ற இடத்தை மறவாதிருத்தலும், பெற்ற பெயருக்குத் தம் உழைப்பால் பொருள் சேர்த்தலும் அதைத் தாங்கியவர் கடமையாகும். இவ்வொன்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

ராக் இசை 1950-களில் அமெரிக்காவில் தழைத்தது. அடிமைத் தளையில் வாடிய கறுப்பின மக்களின் வழிவந்தோர் தம் துயரைப் பாடிய 'ப்ளூஸ்' என்னும் இசை அதற்கு ஒரு வேர். நாட்டுப்புற மக்களின் பாட்டு மற்றொரு வேர். தொடக்கத்தில் அக்குழுக்களின் பெயர்கள் அரசனும் பரிவாரமும் போல அமைந்திருந்தன. தலைவர் பெயர் முன்னே நிற்கும். உடன் வாசிப்போர் அனைவரும் ஒரு பொதுப்பெயரில் அடங்கிப் பின்னே நிற்பர். 'பில் ஹேலியும் அவர்தம் வால்மீன்களும்' என்பது அக்காலத்துப் புகழ்பெற்ற குழு. தலைவரின் பெயரும், ஹாலியின் வால்மீன் என்னும் பெயரும் ஒலியால் ஒத்திருந்தமையால் எழுந்த சொல்விளையாட்டு அது. படி ஹோலி என்னும் பாடகரின் குழுவினர் 'கிரிக்கெட்ஸ்' எனப் பெயர் பூண்டனர். நம் இளைஞர் விரும்பும் பந்தாட்டத்தை அது குறிக்கவில்லை. இரவில் ஒலிக்கும் சில்வண்டுகளைக் குறித்தது.

அச்சில்வண்டுகளின் ஒலி இங்கிலாந்தின் லிவர்பூல் நகரை எட்டியது. அங்கே குவாரி பாங்க் என்னும் பள்ளியில் பயின்ற ஜான் லெனன் 1956-ஆம் ஆண்டில் தோழருடன் ஒரு குழு அமைத்து, பள்ளியின் பெயரையொட்டி 'குவாரிமென்' எனப் பெயரிட்டார். கல்லுடைக்கும் தொழிலாளர் என்பது அதன் பொருள். பின்னர் அக்குழு 'ஜானியும் மூன்டாக்ஸும்' எனத் தலைவர் பெயரைச் சூடிக்கொண்டது. அதுவும் நிலைக்கவில்லை. சில்வண்டுகளைப் போல் நாமும் ஒரு பூச்சியின் பெயர் கொள்வோம் எனக் கருதி, வண்டு என்னும் பொருள்படும் 'பீட்டில்ஸ்' என்ற சொல்லைத் தேர்ந்தனர். அவர்களுடன் இருந்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் என்னும் ஓவியருக்கும் அதில் பங்குண்டு எனக் கூறுவர். ஆங்கிலத்தில் 'ஈ' என்ற எழுத்து இரட்டித்து வரவேண்டிய இடத்தில், ஒன்றை நீக்கி 'ஏ' என்ற எழுத்தை அமைத்தனர். அதனால் வண்டு என்னும் சொல்லுக்குள் தாளம் என்னும் பொருளுடைய 'பீட்' என்ற சொல் குடிபுகுந்தது. 1960 ஆகஸ்டில் அப்பெயர் நிலைபெற்றது. பெயர்க் காரணத்தைக் கேட்டுப் பலர் தொல்லை செய்தபோது, எரியும் பணியாரத்தின்மீது ஒரு மனிதர் தோன்றி அப்பெயரை அருளினார் என்று லெனன் 1961-இல் ஓர் இதழில் வேடிக்கையாக எழுதிவிட்டார்.

வேடிக்கை ஒருபுறம் இருக்க, இங்கு நிகழ்ந்த மாற்றத்தைக் கவனியுங்கள். தலைவர் பெயர் மறைந்தது. நால்வரும் ஒரு பெயரின் கீழ் ஒப்ப நின்றனர். அக்குழுவில் அரசன் எவன், பரிவாரம் எவர் என்று பெயரைக் கொண்டு கூற முடியாது. தலைவரும் செயலாளரும் ஆண்டுதோறும் மாறினாலும் சங்கத்தின் பெயர் மாறாது நிற்பதை அறிந்த நமக்கு அதன் அருமை எளிதில் விளங்கும்.

அடுத்து, உருளும் கற்களைக் காண்போம். 1962-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் பிரையன் ஜோன்ஸ் என்னும் இளைஞர் ஓர் இசை இதழுக்குத் தொலைபேசியில் விளம்பரம் தந்துகொண்டிருந்தார். குழுவின் பெயர் யாது என்று மறுமுனையில் வினவினர். பெயரோ இன்னும் இடப்படவில்லை. தரையில் மட்டி வாட்டர்ஸ் என்னும் கறுப்பினப் பாடகரின் இசைத்தட்டு ஒன்று கிடந்தது. அதில் 'ரோலிங் ஸ்டோன்' என்னும் பாட்டின் தலைப்பு கண்ணிற் பட்டது. அதையே பெயராகச் சொல்லிவிட்டார். அக்குழுவைச் சேர்ந்த கீத் ரிச்சர்ட்ஸ் இவ்வரலாற்றைக் கூறியுள்ளார். அவ்வாண்டு ஜூலை 12-ஆம் நாள் லண்டன் மார்க்கீ மன்றத்தில் அப்பெயரோடு முதன்முதல் அரங்கேறினர்.

அப்பெயரின் வழியே பின்னோக்கிச் சென்றால் எத்தனை பேரைச் சந்திக்கின்றோம்! உருளும் கல்லில் பாசி படியாது என்பது மேனாட்டுப் பழமொழி. அதை மட்டி வாட்டர்ஸ் தம் பாட்டில் ஏற்றார். 1950-இல் அது இசைத்தட்டாக வெளிவந்தது. அவருடைய இயற்பெயர் மெக்கின்லி மார்கன்ஃபீல்டு. மிசிசிப்பி நாட்டுப்புறத்தில் சேற்று நீரில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைப் பாட்டி 'மட்டி' என்று செல்லமாக அழைத்தார்; சேறுபடிந்தவன் என்பது அதன் பொருள். பேரனுக்குப் பாட்டி இட்ட பெயர் பேரறிஞர் ஏடுகளிலும் நிலைத்துவிட்டது. அவருடைய பாட்டின் பெயரோ கடல் கடந்து லண்டன் இளைஞரின் பெயராயிற்று.

பெயரைப் பெற்றவர் பெயர் தந்த மரபிற்கு நன்றி பாராட்டினரா என்ற வினா எழுகின்றது. 1965-ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் தோன்ற ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவை அழைத்தனர். தாங்கள் வரவேண்டுமாயின், சிகாகோவின் முதுபெரும் ப்ளூஸ் பாடகர் ஹவ்லிங் உல்ஃப் அவர்களும் அதே மேடையில் பாடவேண்டும் என்று அவ்விளைஞர் வற்புறுத்தினர். அவ்வாறே அவர் பாடினார். இளைஞர் அவர் காலடியில் அமர்ந்து கேட்டனர். பெருந்திரளான வெள்ளை இனத்து இளைஞர் அவரைத் தொலைக்காட்சியில் கண்டது அன்றே. தம் நாட்டுக் கலைஞரை அந்நாட்டு மக்களுக்கே அயல்நாட்டு இளைஞர் அறிமுகம் செய்தனர். நன்றியறிதல் என்பது இதுவன்றோ!

எல்லாக் கடனும் இவ்வாறு தீர்க்கப்படுவதில்லை. பிங்க் ஃபிளாய்டு என்னும் குழுவின் பெயரை அறியாத கல்லூரி மாணவர் இன்று அரியர். 1965-இல் 'டீ செட்' என்னும் பெயரில் இயங்கிய அக்குழுவினர், ஒரு நிகழ்ச்சிக்குச் சென்றபோது அதே பெயருடைய வேறொரு குழுவும் அங்கு வந்திருக்கக் கண்டனர். உடனே மாற்றுப்பெயர் வேண்டியதாயிற்று. குழுவின் பாடகர் சிட் பாரெட், ஓர் இசைத்தட்டின் உறையிற் படித்திருந்த இரு பெயர்களை நினைவுகூர்ந்தார். பிங்க் ஆண்டர்சன் என்பவர் ஒருவர்; ஃபிளாய்டு கவுன்சில் என்பவர் மற்றவர். இருவர் பெயர்களின் முற்பகுதியையும் இணைத்துப் புதுப்பெயர் புனைந்தார்.

அவ்விருவர் யாவர்? ஆண்டர்சன் 1900-ஆம் ஆண்டில் தென் கரோலினாவிற் பிறந்தவர். ஊர் ஊராகச் சென்று மருந்து விற்கும் கூட்டத்தோடு சேர்ந்து, மக்களைக் கூட்டுவதற்காகக் கிதார் வாசித்துப் பாடிப் பல்லாண்டு பிழைத்தவர். கவுன்சில் 1911-இல் வட கரோலினாவிற் பிறந்தவர். இருவரும் கறுப்பினக் கலைஞர். 1973-ஆம் ஆண்டில் பிங்க் ஃபிளாய்டு குழுவின் நிலவைப் பற்றிய தலைப்புடைய இசைத்தட்டு உலகெங்கும் விற்றுப் பெரும்புகழ் ஈட்டியது. 1974-இல் ஆண்டர்சன் மறைந்தார். 1976-இல் கவுன்சில் மறைந்தார். தம் பெயரின் பாதி உலகப் புகழ் பெற்ற காலத்திலேயே அம்முதியோர் மண்ணுலகை நீத்தனர். பெயரின் வரலாறறியாத இசை வணிகர் சிலர் அக்குழுவினரை அணுகி, உங்களுள் பிங்க் என்பவர் யார் என்று வினவியதுண்டு. அவ்வறியாமையைக் குழுவினர் 1975-இல் வெளிவந்த ஒரு பாட்டில் நகையாடினர். பிங்க் என்பவர் உண்மையில் யார் என்பதை அறிந்தோர் அன்று எத்துணைச் சிலர்! பெயர் வாழ, பெயருக்குரியவர் மறக்கப்படும் நிலை வருந்தத்தக்கது. இன்று அவ்விருவரின் பழைய பாட்டுகளைத் தேடிக் கேட்போர் பலர் உளர் என்பது ஓர் ஆறுதல். அவர்களை அங்கு அழைத்துச் சென்றதும் அப்பெயரே.

ஆசிரியர்கள் இங்குப் பலர் வீற்றிருக்கின்றீர்கள். உங்களுக்காக ஒரு வரலாறு கூறுகின்றேன். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஜாக்சன்வில் நகரத்துப் பள்ளியொன்றில் லெனர்ட் ஸ்கின்னர் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் இருந்தார். மாணவர் முடியை நீள வளர்த்தல் ஆகாது என்பது பள்ளியின் விதி. விதியை மீறிய மாணவரை அவர் கண்டிப்போடு நடத்தினார். அம்மாணவர் சிலர் ஒரு ராக் குழுவில் இருந்தனர். ஆசிரியரைக் கேலி செய்யும் நோக்கத்தோடு அவர் பெயரையே குழுவுக்குச் சூட்டி, உயிரெழுத்து வரும் இடமெல்லாம் 'ஒய்' என்னும் எழுத்தை இட்டு, 'லினர்ட் ஸ்கினர்ட்' என்று உருமாற்றினர். படிப்பவர் திகைப்பர் என்று அஞ்சி, 1973-இல் வெளிவந்த முதல் இசைத்தட்டின் தலைப்பிலேயே அதை ஒலிக்கும் முறையையும் அச்சிட்டனர்.

கேலியாகப் பிறந்த அப்பெயர் நாளடைவில் வேறொரு பொருள் பெற்றது. குழு புகழடைந்தபின் ஆசிரியரும் மாணவரும் நட்புப் பூண்டனர். ஜாக்சன்வில் நகரில் நிகழ்ந்த ஓர் இசையரங்கில் அவ்வாசிரியரே மேடையேறி அக்குழுவை அவையோர்க்கு அறிமுகம் செய்தார். அவர் 2010-இல் காலமானபோது பல நாட்டு இதழ்கள் அச்செய்தியை வெளியிட்டன. கண்டிப்பான ஆசிரியரின் பெயரை மாணவர் எள்ளி நகையாடுவது எங்கும் உள்ளதே. நம் பள்ளிகளிலும் பட்டப்பெயர் இல்லாத ஆசிரியர் இலர். கோபம் தணிந்தபின் பெயரில் எஞ்சி நின்றது உறவே.

இனி, நம்மைப்போல் பிறந்த மண்ணை விட்டுக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் வரலாறு. ஸ்காத்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரிலிருந்து யங் என்னும் குடும்பத்தினர் 1963-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிற் குடியேறினர். அவ்வீட்டுப் பிள்ளைகளாகிய மால்கமும் ஆங்கசும் 1973-இல் சிட்னி நகரில் ஒரு குழு தொடங்கினர். பெயர் தேடி அலைந்த தம்பியர்க்கு அக்காள் மார்கரெட் உதவினார். அவருடைய தையற்பொறியில் 'ஏசி, டிசி' என்னும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. மாறு மின்னோட்டத்திலும் நேர் மின்னோட்டத்திலும் இயங்கும் பொறி என்பது அதன் பொருள். மின்னாற்றல் போன்ற இசைக்கு இதனினும் தக்க பெயர் வேறு யாது? தம்பி ஆங்கசு பள்ளிச் சீருடை அணிந்தே மேடையேறட்டும் என்று யோசனை கூறியவரும் அவ்வக்காளே. ஐம்பதாண்டுகள் கடந்தும் அவர் பள்ளிச் சீருடையோடு மேடையேறினார். உலகை அதிரச் செய்த அக்குழுவின் பெயரும் கோலமும் குடிபெயர்ந்த ஒரு வீட்டின் தையற்பொறி அருகே தோன்றியவை என்பதை நம் இல்லத்தரசியர் நினைவிற் கொள்வாராக.

பெயர் ஒரு குழுவின் போக்கையே மாற்றியதும் உண்டு. பர்மிங்காம் நகரத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் நால்வர் 'எர்த்' என்னும் பெயரில் ஒரு குழு நடத்தினர். அதே பெயரில் வேறு குழு இருந்தமையால் குழப்பம் நேர்ந்தது. அஞ்சத்தக்க படங்களைக் காணவும் மக்கள் காசு கொடுத்து வரிசையில் நிற்கின்றனரே என்று வியந்த அவர்கள், போரிஸ் கார்லாஃப் நடித்த 1963-ஆம் ஆண்டுப் படத்தின் ஆங்கிலப் பெயரையே மேற்கொண்டனர். அதுவே 'பிளாக் சப்பாத்' என்னும் கறுப்பு ஓய்வுநாள். 1969-இல் பெயர் மாறிற்று. இசையும் அதற்கேற்பக் கனத்து இருண்டது. 'ஹெவி மெட்டல்' என இன்று வழங்கும் இசைவகையின் முன்னோடிகளாக அவர்களைப் போற்றுகின்றனர்.

லண்டனில் 1968-இல் தோன்றிய மற்றொரு குழுவின் பெயரோ ஒரு பரிகாசத்திற் பிறந்தது. இத்தகைய குழு ஈயத்தாற் செய்த ஆகாயக் கப்பல் போல விழுந்துவிடும் என்று நண்பரொருவர் கூறிய நகைமொழியையே 'லெட் செப்பலின்' என்று பெயராக்கினர். ஈயம் என்னும் ஆங்கிலச் சொல்லை 'லீட்' என்று படித்துவிடுவர் எனக் கருதி, மேலாளர் பீட்டர் கிராண்ட் அதிலிருந்து ஓரெழுத்தை நீக்கினார். விழும் என்றவர் வாய் ஓய, அக்குழு வானளாவ உயர்ந்தது. ஆயினும் செப்பலின் என்பது ஆகாயக் கப்பலை உருவாக்கிய ஜெர்மானியக் குடும்பத்தின் பெயரன்றோ? 1970-இல் டென்மார்க்குத் தலைநகரில் அவர்கள் பாடச் சென்றபோது, அக்குடும்பத்தைச் சேர்ந்த பெருமாட்டி ஒருவர் தம் குலப்பெயரை இவ்வாறு வழங்கலாகாது என்று தடுத்தார். பிப்ரவரி 28-ஆம் நாள் அந்நகரில் அவர்கள் வேறு பெயரில் பாட நேர்ந்தது.

இந்நிகழ்ச்சி நகைப்பிற்கு இடமானது. ஆனால் பெயர் உண்மையிலேயே பிறரைப் புண்படுத்தும் இடமும் உண்டு. 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்னும் கறுப்பினத்தவர் காவலரால் கொல்லப்பட்டபின், அமெரிக்க மக்கள் தம் தெருப்பெயர்களையும் சிலைகளையும் மீண்டும் எண்ணிப் பார்த்தனர். இசைக் குழுக்களும் எண்ணின. அடிமை முறை நிலவிய உள்நாட்டுப் போருக்கு முற்பட்ட காலத்தைக் குறிக்கும் சொல்லைப் பெயரிற் கொண்ட 'லேடி ஆண்டிபெல்லம்' என்னும் குழு, ஜூன் மாதத்தில் அதை 'லேடி ஏ' எனச் சுருக்கிக்கொண்டது. எண்ணம் நல்லதே. ஆனால் சியாட்டில் நகரில் அனிட்டா வைட் என்னும் கறுப்பினப் பாடகியார் இருபதாண்டுகளுக்கு மேலாக அதே 'லேடி ஏ' என்னும் பெயரிற் பாடி வந்தார். அவரை முன்னரே கேட்டறியவில்லை. பின்னர் நடந்த பேச்சு முறிந்தது; குழு வழக்குத் தொடுத்தது; அம்மையாரும் எதிர்வழக்குத் தொடுத்தார். 2022-இல்தான் அது சமரசமாயிற்று. கறுப்பின மக்களின் மனப்புண்ணை ஆற்றுவதற்கென மேற்கொண்ட மாற்றமே ஒரு கறுப்பினப் பெண்மணியின் பெயருக்கு இடராயிற்று.

அதே திங்களில், 'டிக்சி சிக்ஸ்' என்னும் மகளிர் குழுவும் அமெரிக்கத் தென்பகுதியின் பழைய செல்லப்பெயராகிய 'டிக்சி' என்பதை விடுத்து, 'சிக்ஸ்' என்ற பெயரை மட்டும் கொள்ள விரும்பியது. 1960-களில் நியூசிலாந்தில் இரு சகோதரியர் அதே பெயரிற் பாடியிருந்தனர். அவர்களோடு தொடர்புகொண்டு, பெயரைப் பகிர்ந்துகொள்ள இசைவு பெற்று, அவர்களுக்கு வெளிப்படையாக நன்றியும் கூறியே பெயரை மாற்றினர். இரு குழுவும் செய்தது ஒரே செயல். ஒன்று முன்னரே கேட்டது, மற்றொன்று கேட்கவில்லை. அவ்வளவே வேறுபாடு. ஆனால் ஒன்று நட்பாயிற்று, மற்றொன்று வழக்காயிற்று.

நம் நாட்டிற்கு வருவோம். 1946-இல் சான்சிபார் தீவில் பார்சிக் குடும்பத்திற் பிறந்த ஃபரூக் பல்சாரா என்னும் சிறுவர், மராட்டிய நாட்டுப் பஞ்சகனியில் விடுதிப் பள்ளியொன்றிற் பயின்றார். அங்கே தோழருடன் 'ஹெக்டிக்ஸ்' என்னும் குழுவில் பியானோ வாசித்தார். பல்சாரா என்பதும் குசராத்தின் பல்சார் என்னும் ஊர்ப்பெயரால் வந்த குடும்பப்பெயரே. அவர் பின்னர் இங்கிலாந்து சென்று, ஃபிரெடி மெர்குரி எனப் புதுப்பெயர் பூண்டு, 1970-இல் தம் குழுவிற்கு 'குயின்' என்று பெயரிட்டார். குழுவின் இலச்சினையையும் தாமே வரைந்தார். அதில் நால்வரின் இராசிகளுக்கேற்ப இரு சிங்கங்களும், ஒரு நண்டும், கன்னியைக் குறிக்கும் இரு தேவதையரும் இடம்பெற்றனர்.

கல்கத்தாவில் 1970-களின் நடுவில் கௌதம் சட்டோபாத்தியாயர் முதலிய இளைஞர் வங்க மொழியிலேயே ராக் இசை அமைத்தனர். அவர்கள் ஆங்கிலப் பெயரை நாடவில்லை. வங்கக் கவிஞர் சீவனானந்த தாசர் குதிரைகளைப் பற்றி எழுதிய கவிதையிலிருந்து 'மொஹீனேர் கோராகுலி' என்னும் தொடரை எடுத்துப் பெயராகச் சூடினர். மொஹீனின் குதிரைகள் என்பது அதன் பொருள். பாட்டில் வந்த தொடர் ஒருவர் பெயராக நிலைப்பதைச் செம்புலப் பெயனீராரைப் போற்றும் நாம் நன்கறிவோம். அக்குழு அந்நாளில் பெரும்புகழ் எய்தாது 1981-இல் கலைந்தது. பின்னர் வந்த தலைமுறையே அதன் அருமையை உணர்ந்தது. இன்று வங்க இளைஞர் பலர் அப்பெயரின் வழியாகவே அக்கவிதையை அடைகின்றனர்.

தில்லியில் 1990-இல் தோன்றிய 'இந்தியன் ஓஷன்' குழுவிற்குப் பெயர் தந்தவர் சுஸ்மித் சென் என்னும் கிதார்க் கலைஞரின் தந்தையார். பிள்ளை தொடங்கிய ராக் குழுவிற்குத் தந்தை பெயரிட்டார் என்பதைத் தந்தைமார் கவனிக்க வேண்டுகிறேன். கேரளத்தில் ஒரு குழு 'அவியல்' என்று பெயர் பூண்டது. பலகாய் கலந்த கறிக்கும் பல இசை கலந்த பாட்டிற்கும் உள்ள பொருத்தத்தை விளக்கவும் வேண்டுமோ? கொச்சியில் 2013-இல் எழுந்த 'தைக்கூடம் பிரிட்ஜ்' குழு, தாம் தங்கியிருந்த பகுதியின் பாலத்தையே பெயராக்கியது. '96' என்னும் தமிழ்ப்படத்திற்கு இசையமைத்த கோவிந்த் வசந்தா அக்குழுவை நிறுவியோருள் ஒருவர்.

இறுதியாக, சென்னை. 2018 ஜனவரியில் அங்கே 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு முதன்முதல் அரங்கேறியது. கானா, ராப், ராக் ஆகியவற்றை ஒன்றாக்கிச் சாதிக் கொடுமையை எதிர்த்துப் பாடும் குழு அது. பெயர் ஆங்கிலத்தில் அமைந்திருப்பினும் அதன் வேர் தமிழில் உள்ளது. 1845 முதல் 1914 வரை வாழ்ந்து, 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் இதழை நடத்திய அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதி பேதமற்ற தமிழர்' என்னும் தொடரே அப்பெயருக்கு மூலம். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஓர் அறிஞர் தம் மக்களுக்குச் சூட்ட விரும்பிய பெயரை, இன்றைய இளைஞர் ஒரு மேளத்தோடும் கிதாரோடும் மீண்டும் எடுத்துச் சூடிக்கொண்டனர். அப்பெயரைத் தாங்குவோர் அதற்கேற்ப வாழ்ந்தாக வேண்டும். அப்பெயரைக் கேட்கும் நமக்கும் அது ஒரு கேள்வியாக நிற்கின்றது.

அன்பர்களே! இதுகாறும் கண்ட பெயர்களிற் பாட்டி இருந்தார்; ஆசிரியர் இருந்தார்; அக்காள் இருந்தார்; தந்தை இருந்தார்; கவிஞர் இருந்தார்; மறக்கப்பட்ட முதிய கலைஞர் இருவர் இருந்தனர். கூச்சலென்று நாம் ஒதுக்கும் இசையின் முகப்பில் இத்தனை உறவுகள் எழுதப்பட்டுள்ளன.

நம் பிள்ளைகள் பிறந்தது இவ்வூரில். எழிலரசி, நெடுஞ்செழியன், குமுதவல்லி என்னும் பெயர்களை வகுப்பிற் கூப்பிடும்போது பிறமொழித் தோழர் திணறுகின்றனர். சிலர் சிதைத்து நகைக்கின்றனர். 'எனக்கேன் இப்பெயரிட்டீர்கள்?' என்று குழந்தை வீட்டிற்கு வந்து வினவுகின்றது. 'நல்ல பெயர்தான், போ' என்று விடையளித்து நாம் அடுத்த வேலையைப் பார்க்கின்றோம். அது விடையாகாது. அப்பெயர் யாருடைய பெயர், எந்தப் பாட்டனின் நினைவு, எந்த நூலில் வந்தது, அதை இடவேண்டுமென்று விரும்பியவர் யார் என்று அமர்ந்து சொல்லுதல் வேண்டும். வரலாறு அறிந்த குழந்தை தன் பெயரைச் சுருக்கிக்கொள்ள நாணும். அறியாத குழந்தை, பிங்க் என்பவர் யார் என்று வினவிய வணிகரைப் போல, தன் பெயரிடத்தே தானே அயலாகி நிற்கும்.

இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் விரும்பும் குழுவின் பெயரைச் சட்டையில் அணிவதில் தவறில்லை. அப்பெயருக்குரிய மனிதர் யார் என்பதையும் அறிந்து அணியுங்கள். நாளை நீங்களே ஒரு குழு தொடங்கக்கூடும். அன்று, எடுக்கும் பெயர் யாருடையது என்று கேட்டறிந்து, உரியவரிடம் இசைவு பெற்றுச் சூட்டுங்கள். பெற்றபின் நன்றி மறவாதீர்கள். பெயருக்குள் முன்னரே இருக்கும் பொருள் சிறிது. நீங்கள் பல்லாண்டு உழைத்து அதில் இடும் பொருளே பெரிது. வண்டென்றும் கல்லென்றும் ஈயமென்றும் பெயர் பூண்டோர் அவ்வாறுதான் அப்பெயர்களை உலகறியச் செய்தனர்.